கதிர் அறியும் பொறி

நுழையும்முன்

ஒளி கண்ணின் வழியாகவும் ஒலி செவியின் வழியாகவும் நம்மை வந்தடைகின்றன. மணத்துக்கு மூக்கும் சுவைக்கு நாவும் தொடுகைக்கு மெய்யும் வாயில்கள். இவ்வைந்து வாயில்களுள் எதனையும் தட்டாமலேயே நம் உடலுக்குள் நுழைந்து செல்லும் ஒன்று உண்டு. அதனை உணரும் பொறி நமக்கு வாய்க்கவில்லை. சில உப்புகளுக்கும் படிகங்களுக்கும் வாய்த்திருக்கிறது. அவற்றிடமிருந்து மனிதர் அவ்வறிவைக் கடன்பெற்ற வரலாற்றையும், அந்தக் கடனுக்கு உரிய வரம்புகளையும் கூறுகிறது இப்பாடம்.

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துக் காட்டியது தொல்காப்பிய மரபியல். தொடுவுணர்வில் தொடங்கி, நா, மூக்கு, கண், செவி என்று ஏறி, மனத்தில் முடிகிறது அவ்வரிசை. இந்த ஆறனுள் ஒன்றுக்கும் புலப்படாதது கதிர்வீச்சு. மருத்துவமனையில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கொண்டவரிடம், கதிர் பாய்ந்தபோது என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்பதே விடையாக இருக்கும். காமா கதிர் மணப்பதில்லை, ஒலிப்பதில்லை. பேரளவில் பாய்ந்தபோதும் அந்தக் கணத்தில் வலிப்பதில்லை. உடல் அதனை அறிவதற்குள் நாள்கள் கழிந்துவிடும். சில வேளைகளில் ஆண்டுகளே கழிந்துவிடும்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில், கறுப்பு அட்டையால் மூடிய மின்னிறக்கக் குழாய் ஒன்றை இருட்டறையில் இயக்கினார் வில்ஹெல்ம் ராண்ட்ஜன். குழாயிலிருந்து ஒளி கசியவில்லை. ஆயினும் சற்றுத் தொலைவில், பேரியம் பிளாட்டினோசயனைடு என்னும் உப்பைப் பூசிய திரை ஒளிர்ந்தது. எக்ஸ் கதிரை முதலில் உணர்ந்தது ராண்ட்ஜனின் கண் அன்று, அந்த உப்புத்திரை. கண் கண்டது திரையின் ஒளியைத்தான். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், இதன்பின் வருவன யாவும் எளிதில் விளங்கும்.

இருளில் ஒரு கணக்கெடுப்பு

இங்கிலாந்தின் வில்லியம் குரூக்ஸ் 1903இல் துத்தநாக சல்பைடு பூசிய திரை ஒன்றின்மீது ரேடிய உப்பைச் சிந்திவிட்டார். அரிதாகக் கிடைத்த பொருள் ஆயிற்றே! சிந்திய துகளைத் தேட உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தபோது, ஒரே சீராக ஒளிர்வதுபோல் தோன்றிய திரை உண்மையில் எண்ணற்ற ஒளிப்புள்ளிகளாகச் சிதறி மின்னிக்கொண்டிருந்தது. ரேடியத்திலிருந்து பாய்ந்த ஒவ்வோர் ஆல்ஃபா துகளும் திரையில் மோதிய இடத்தில் ஒரு மினுக்கத்தை உண்டாக்கியது. திரையையும் துளி ரேடியத்தையும் கண்ணாடியையும் ஒரு சிறு குழலில் பொருத்திக் கருவியாக்கிய குரூக்ஸ், தீப்பொறியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் அமைத்தார். தமிழில் அதனைப் பொறிகாட்டி எனலாம். பொறி என்னும் சொல் நம் மொழியில் நெருப்புத் துகளையும் குறிக்கும், புலன்வாயிலையும் குறிக்கும், இயந்திரத்தையும் குறிக்கும். குரூக்ஸின் குழலில் இம்மூன்று பொருளும் ஒருங்கே கூடின.

மான்செஸ்டர் நகரில் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்குழு இந்தத் துத்தநாக சல்பைடுத் திரையை அளவுகோலாகவே ஆக்கிக்கொண்டது. மெல்லிய உலோகத் தகட்டில் ஆல்ஃபா துகள்களை மோதவிட்டு, அவை எந்தக் கோணத்தில் எத்தனை சிதறுகின்றன என்பதைத் திரையின் மினுக்கங்களைக் கொண்டு எண்ண வேண்டும். எண்ணுபவர் முதலில் இருட்டறையில் நெடுநேரம் அமர்ந்து கண்ணைப் பழக்கிக்கொள்வார். பிறகு நுண்ணோக்கி வழியே ஓரிரு நிமிடம் எண்ணுவார். கண் களைத்துவிடும், ஓய்வு, மீண்டும் எண்ணிக்கை. ஹான்ஸ் கைகர் இரவு முழுவதும் அசையாமல் எண்ணுவார் என்றும், தாம் இரண்டு நிமிடங்களிலேயே சலித்து எழுந்துவிட்டதாகவும் ரூதர்ஃபோர்டே ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். அத்தகைய பொறுமையால் கைகரும் எர்னஸ்ட் மார்ஸ்டனும் 1909இல் கண்டறிந்தது இது: பிளாட்டினத்தில் மோதிய ஆல்ஃபா துகள்களுள் ஏறத்தாழ 8000இல் ஒன்று திரும்பித் தெறிக்கிறது. அணுவின் நடுவில் கரு உண்டு என்னும் முடிவுக்கு ரூதர்ஃபோர்டை இட்டுச் சென்றது அந்த ஒன்றுதான்.

ஆனால் கண் நம்பத்தக்க சாட்சியா? 1920களில் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்துக்கும் ஆஸ்திரியாவின் வியன்னா ரேடிய நிறுவனத்துக்கும் இடையே இக்கேள்வி பெரும் பூசலாய் எழுந்தது. இலகுவான தனிமங்களின் அணுக்கரு சிதைவதை வியன்னாவினர் பேரளவில் கண்டதாகக் கூறினர். கேம்பிரிட்ஜில் அவ்வளவு காணப்படவில்லை. 1927 டிசம்பரில் ஜேம்ஸ் சாட்விக் வியன்னாவுக்கே சென்றார். அங்கு மினுக்கங்களை எண்ணியவர்கள் இளம்பெண்கள். ஒவ்வொரு முறையும் எந்த ஆய்வு நடைபெறுகிறது என்பதை அவர்கள் முன்கூட்டியே அறிந்திருந்தனர். சாட்விக் அதனை மட்டும் மாற்றினார். திரைக்கு முன்னால் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் எண்ணச் செய்தார். கூடுதல் மினுக்கங்கள் மறைந்துபோயின. அப்பெண்கள் பொய்யுரைத்தவர்கள் அல்லர். இருளின் விளிம்பில், ஒன்று தோன்றியதா இல்லையா என்று ஐயுறும் இடத்தில், எதிர்பார்ப்பு கண்ணுக்குள் புகுந்துகொள்கிறது. கூர்மையான கண்ணுக்கும் இது நேரும்.

அதே தூள், வேறு மேசை

துத்தநாக சல்பைடு ஆய்வகத்தில் மட்டும் இருக்கவில்லை. அதனுடன் சிறிதளவு ரேடியத்தைக் கலந்தால் இரவெல்லாம் தானே ஒளிரும் வண்ணப்பூச்சு கிடைக்கும். முதல் உலகப்போர்க் காலத்தில் படைவீரர்களின் கைக்கடிகார முகப்புகளுக்கும் கருவி முகப்புகளுக்கும் அது தேவைப்பட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரிலும், இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா நகரிலும் இளம்பெண்கள் வரிசையாய் அமர்ந்து முகப்பு எண்களுக்கு அந்தப் பூச்சைத் தீட்டினர். எண்களின் கோடு மெல்லியதாக அமைய வேண்டும். தூரிகையின் முனை விரியும்போதெல்லாம் அதனை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் துளியளவு ரேடியம் வயிற்றுக்குள் சென்றது. வேதியியல் இயல்பில் கால்சியத்தை ஒத்தது ரேடியம். ஆகவே உடல் அதனை எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பற்கள் உதிர்ந்தன, தாடை எலும்பு சிதைந்தது, குருதி குன்றியது. ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. அந்தப் பூச்சை உருவாக்கிய அறிவியலாளரும் அதே ஆண்டில் குருதிநோயால் இறந்தார்.

வேலை முடிந்து வீடு திரும்பும்போது தம் தலைமுடியும் உடையும் இருளில் மின்னுவதை அப்பெண்கள் கண்டனர். அதனை அழகென்று எண்ணினர். மான்செஸ்டர் இருட்டறையில் ஆல்ஃபா துகள் இங்கே விழுந்தது என்று சொன்ன அதே மினுக்கம்தான் அவர்கள் கூந்தலிலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. அங்கு அதனைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இங்கு, தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அக்காலத்துக் கடிகாரங்கள் இன்று எங்கேனும் கிடைத்தால், அவற்றின் எண்கள் இருளில் ஒளிர்வதில்லை. ரேடியம் தீர்ந்துபோய்விட்டதோ என்று தோன்றும். ரேடியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். அது இன்னும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அடி மேல் அடி வாங்கிக் கெட்டுப்போனது துத்தநாக சல்பைடின் படிக அமைப்புதான். சாட்சி இறந்துவிட்டது, குற்றம் தொடர்கிறது. கதிரைக் காட்டும் பொருள் எதுவாயினும், தான் பட்டதையே அது நமக்குச் சொல்கிறது; படும்தோறும் தானும் சிறிது மாறுகிறது. அனுபவத்துக்குப் பட்டறிவு என்று பெயரிட்ட மொழியைப் பேசும் நமக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று.

மாசு செய்யும் நன்மை

மனிதக் கண்ணை விலக்கி, அதனிடத்தில் களைப்பும் எதிர்பார்ப்பும் இல்லாத கண் ஒன்றை வைக்க வேண்டும் என்பது அடுத்த தேடல். ஒளிப்பெருக்கிக் குழாய் அதற்கு வழி செய்தது. அதன் முகப்பில் ஒளி விழுந்தால் ஓர் எலக்ட்ரான் வெளிப்படும். அது ஒரு தகட்டில் மோதிப் பல எலக்ட்ரான்களை எழுப்பும். அவை அடுத்த தகட்டில் மோதும். இவ்வாறு பத்துப் படிகளைக் கடக்கும்போது ஒன்று பத்து லட்சமாகப் பெருகி, அளக்கத்தக்க மின்துடிப்பாகிவிடும். 1944இல் சாமுவேல் கரனும் டபிள்யூ. ஆர். பேக்கரும் துத்தநாக சல்பைடுத் திரையின் முன் இக்குழாயைப் பொருத்தினர். இருட்டறையில் எண்ணுபவரின் வேலை அத்துடன் முடிந்தது.

எனினும் துத்தநாக சல்பைடு பொடியாகவே கிடைத்தது. சற்றுத் தடித்தால் தன் ஒளியைத் தானே மறைத்துவிடும். ஆழமாய் ஊடுருவும் காமா கதிரைப் பிடிக்கக் கனமும் வேண்டும், கண்ணாடிபோன்ற தெளிவும் வேண்டும். பெர்லினில் ஹார்ட்மட் கால்மன் 1947இல் நாப்தலீன் படிகத்தை எடுத்துக்கொண்டார். துணிப்பெட்டியில் பூச்சி அரிக்காமல் இருக்க நாம் போடும் அந்துருண்டையின் பொருள்தான் அது! காமா கதிர் பட்டவுடன் அது மின்னியது. அதன் ஒளி அதனைக் கடந்து வெளியேயும் வந்தது. மறு ஆண்டில் அமெரிக்காவில் இராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் இன்னும் கனமான பொருளைக் கண்டடைந்தார். சிறிதளவு தாலியம் கலந்த சோடியம் அயோடைடுப் படிகம் அது. முக்கால் நூற்றாண்டு கடந்தும் மருத்துவமனைகளிலும் ஆய்வகங்களிலும் அது பணியாற்றி வருகிறது.

இந்தச் சிறிதளவு தாலியம் எதற்காக? காமா கதிர் படிகத்துக்குள் நுழைந்து ஓர் எலக்ட்ரானை விசையுடன் தள்ளுகிறது. அந்த எலக்ட்ரான் ஓடும் வழியெல்லாம் மற்ற எலக்ட்ரான்களை அவற்றின் இருப்பிடத்திலிருந்து எழுப்பிவிடுகிறது. எழுந்தவை மீண்டும் அமரும்போது தாம் பெற்ற ஆற்றலை விடுக்க வேண்டும். கலப்பற்ற சோடியம் அயோடைடில், அறையின் வெப்பநிலையில், அவ்வாற்றலின் பெரும்பகுதி வெப்பமாய் வீணாகும். இடையிடையே தாலியம் இருந்தால், எலக்ட்ரான்கள் அங்கு வந்து அமர்ந்து ஊதாநீல ஒளியை விடுக்கின்றன. அவ்வொளியைச் சோடியம் அயோடைடு உட்கவர்வதில்லை. ஆகையால் அது தடையின்றி வெளியேறுகிறது. பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் படிகத்தில் தங்கினால் ஏறத்தாழ 38,000 ஒளித்துகள்கள் பிறக்கின்றன. மாசு என்னும் சொல்லை நாம் இழிபொருளிலேயே வழங்கி வருகிறோம். படிகத்தில் வேண்டுமென்றே சேர்க்கப்படும் அயல் அணுவையும் அறிவியல் தமிழ் அதே சொல்லால்தான் குறிக்கிறது. இங்கு மாசில்லாப் படிகம் ஊமை. மாசு சேர்ந்தால்தான் அது பேசும்.

பிறக்கும் ஒளியின் அளவு, தங்கிய ஆற்றலின் அளவைச் சார்ந்தது. எனவே கதிர் வந்தது என்பதோடு, எப்பொருளிலிருந்து வந்தது என்பதையும் இப்படிகம் சொல்லும். சீசியம் 137 இருந்தால் 662 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு முகடு எழும். கோபால்ட் 60 இருந்தால் இரட்டை முகடு. நம் உடலிலேயே இருக்கும் பொட்டாசியத்தின் ஒரு வகைக்கும் தனி முகடு உண்டு. சோடியம் அயோடைடுக்கு ஒரு குறை: மழைக்காலத்து உப்புச் சாடிபோல ஈரத்தை உறிஞ்சிக் கசிந்துவிடும். அதனால் அதனை அலுமினியப் புட்டியில் காற்றுப் புகாமல் அடைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் கண்ணாடிச் சாளரம் வைக்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

கதிரியக்கப் பொருளில் ஒரு நொடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்பதைப் பெக்கெரல் என்னும் அலகு குறிக்கும். ஒரு கிலோகிராம் பொருள் எவ்வளவு ஆற்றலை ஏற்றது என்பதைக் கிரே குறிக்கும். அவ்வாற்றல் மனித உடலுக்கு எந்த அளவு ஊறு விளைவிக்கக்கூடும் என்பதைச் சீவர்ட் குறிக்கும். மூன்றும் அறிவியலாளர் பெயர்களே.

ஒளி இல்லாமல் ஓர் அளவு

ஒளிர்படிகத்தில் செய்தி இருமுறை மொழிபெயர்க்கப்படுகிறது. கதிரின் ஆற்றல் ஒளியாகிறது, ஒளி மின்துடிப்பாகிறது. ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும் சிறிது இழப்பு நேர்கிறது. படிகத்தில் பிறந்த 38,000 ஒளித்துகள்களால் குழாயின் முகப்பில் கிளம்பும் எலக்ட்ரான்கள் சில ஆயிரங்களே. கதிர் எழுப்பும் எலக்ட்ரானையே நேரடியாகக் கம்பியில் பெற்றுவிட முடியுமானால்? குறைகடத்திகள் அதற்கு இடம் கொடுத்தன. 1949இல் பெல் ஆய்வகத்தில் கென்னத் மெக்கே ஜெர்மானியத் துண்டில் ஆல்ஃபா துகளை வீழ்த்தி மின்துடிப்பைப் பெற்றார்.

குறைகடத்தி டையோடைப் பின்னோக்குச் சார்பில் இணைத்தால் அதன் நடுவில் மின்னூட்ட ஊர்திகள் அற்ற பகுதி உருவாகும் என்பதை இயற்பியல் பாடத்தில் கற்பீர்கள். அப்பகுதியில் கதிர் புகுந்தால் எலக்ட்ரானும் துளையும் இணைகளாகப் பிறந்து எதிரெதிர்த் திசைகளில் ஓடும், அவ்வோட்டமே துடிப்பு. ஜெர்மானியத்தில் ஓர் இணை பிறக்க ஏறத்தாழ 3 எலக்ட்ரான் வோல்ட் போதும். பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இணைகள் பிறக்கும். பத்து வீடுகளைக் கேட்டு ஓர் ஊரின் கருத்தைச் சொல்வதற்கும், பத்தாயிரம் வீடுகளைக் கேட்டுச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு. எண்ணிக்கை கூடும்போது தற்செயல் ஏற்றத்தாழ்வு குறைகிறது. அதனால் சோடியம் அயோடைடில் அகன்ற குன்றாகத் தெரியும் முகடு, ஜெர்மானியத்தில் ஊசிமுனைபோல எழுகிறது. குன்றுக்குள் ஒளிந்திருந்த இரண்டு மூன்று முகடுகள் தனித்தனியே தெரிகின்றன.

இதற்குக் கொடுக்கும் விலை தூய்மை. காமா கதிரைப் பிடிக்க ஊர்தியற்ற பகுதி சில சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். அயல் அணுக்கள் மிகுந்திருந்தால் அந்த ஆழம் கிட்டாது. நெடுங்காலம் லித்தியத்தை ஊடுருவச் செய்து அயல் அணுக்களின் விளைவை ஈடுசெய்து வந்தனர். 1970களில்தான் உண்மையாகவே தூய ஜெர்மானியம் கைகூடியது. நீண்ட உலோகத் தண்டின் ஒரு சிறு பகுதியை மட்டும் உருக்கி, அவ்வுருகிய பகுதியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்துவர். மாசு உருகிய பகுதியிலேயே தங்க விரும்பும். ஆகவே அதனோடு நகர்ந்து கடைசியில் ஒதுங்கிவிடும். இதனை மீண்டும் மீண்டும் செய்வர். இறுதியில் ஏறத்தாழ லட்சம் கோடி ஜெர்மானிய அணுக்களுக்கு ஓர் அயல் அணு என்னும் அளவுக்குத் தூய்மை வாய்க்கிறது. மனிதர் இதுவரை உருவாக்கிய பொருள்களுள் இந்த அளவு தூயவை மிகச் சில. அங்கு மாசின்றி ஒளியில்லை; இங்கு மாசிருந்தால் அளவே இல்லை. பொருளறிவியலில் நல்லது கெட்டது என்று பொதுவாக எதுவும் இல்லை. எந்த வேலைக்கு என்பதே கேள்வி.

இன்னொரு விலையும் உண்டு. அறையின் வெப்பமே ஜெர்மானியத்தில் எலக்ட்ரான்களை எழுப்பிவிடும். அந்த இரைச்சலில் கதிரின் மெல்லிய குரல் கேட்காது. எனவே மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைக் கொண்டோ, அதற்கு ஈடான குளிரூட்டியைக் கொண்டோ அதனைக் குளிர்விக்கின்றனர். இத்தொல்லை வேண்டாதவர்கள் காட்மியம் துத்தநாக டெல்லுரைடு என்னும் குறைகடத்தியை நாடுகின்றனர். அதற்கு அத்தகைய கடுங்குளிர் தேவையில்லை. 2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் இப்பொருளால் ஆன 64 உணரித் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 256 படப்புள்ளிகளுடன், வானத்து எக்ஸ் கதிரை நோக்கி அமைந்தன.

நினைவில் வைக்கும் படிகம்

இதுவரை கண்டவை உடனுக்குடன் சொல்லிவிடும் பொருள்கள். கேட்டபோது மட்டும் சொல்லும் பொருளும் ஒன்று உண்டு. எக்ஸ் கதிர் அறையில் பணிபுரியும் தொழில்நுட்பரின் சட்டையில் சிறு அட்டை ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் 1975 முதல் வழங்கிவரும் அவ்வட்டைக்குள் மூன்று சிறு வட்டத் தகடுகள் உள்ளன. டிஸ்புரோசியம் என்னும் தனிமத்தைச் சிறிதளவு சேர்த்த கால்சியம் சல்பேட்டை டெஃப்லானில் பொதிந்து அவற்றைச் செய்கின்றனர். கால்சியம் சல்பேட் அரிய பொருள் அன்று. கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டியிலும் பெரும்பாலும் அதுதான் உள்ளது. ஒரு தகட்டின்மேல் உலோக வடிகட்டி, மற்றொன்றின்மேல் நெகிழி வடிகட்டி, மூன்றாவது திறந்தபடி. எது எவ்வளவு ஏற்றது என்று ஒப்பிட்டு, வந்த கதிரின் வகையையும் கணிக்கின்றனர்.

பொறி என்னும் சொல்லுக்கு முன்னர்ச் சொல்லாமல் விட்ட பொருள் ஒன்று இங்கு வேண்டப்படுகிறது. எலிப்பொறி என்கிறோமே, அந்தப் பொறி. கதிர் எழுப்பிய எலக்ட்ரான்களுள் சில இப்படிகத்தின் குறைபாடுகளில் சிக்கிக்கொண்டு, திரும்பும் வழியின்றி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கின்றன. குறித்த காலம் கழிந்ததும் அட்டையை ஆய்வகத்துக்கு அனுப்புவர். அங்கு தகட்டைச் சூடேற்றும்போது பொறிகள் திறந்து, எலக்ட்ரான்கள் தம் இடம் திரும்பும். திரும்பும்போது ஒளி விடும். ஒளியின் அளவே அம்மனிதர் பெற்ற கதிரின் அளவு. ஆண்டுக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு மிகாமல் என்பது கதிர்ப்பணியாளர்களுக்கு இந்தியாவில் உள்ள வரம்பு. சூடேற்றிப் படித்துவிட்டால் படிகத்தின் நினைவு அழிந்துவிடும். மறுமுறை கேட்க முடியாது.

அட்டையை அணியாமல் எக்ஸ் கதிர் அறையின் ஆணியில் மாட்டிவிட்டுப் போனால், கிடைக்கும் கணக்கு ஆணியின் கணக்கு. அட்டையை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தால், இழுப்பறை நலமாக இருக்கிறது என்று அறிக்கை வரும். இது நகைப்புக்குச் சொல்வதன்று. படிகம் தான் பட்டதைத்தான் சொல்லும். மனிதர் பட்டதை அது சொல்ல வேண்டுமானால் மனிதரோடு இருக்க வேண்டும்.

விண்ணில் காயம்பட்ட கண்

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர் விண்நோக்கி 1999 ஜூலை 23ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்டது. அதன் ஒளிப்படக் கருவியில் பத்துச் சிலிக்கான் உணரிகள் இருந்தன. பூமியைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சு வளையங்களைக் கடந்து செல்வது அதன் பாதை. எக்ஸ் கதிரைக் குவிப்பதற்கென அமைத்த ஆடிகள், அவ்வளையங்களில் இருந்த ஆற்றல் குறைந்த புரோட்டான்களையும் உணரிகளை நோக்கித் திருப்பிவிடும் என்பது எதிர்பாராதது. முதல் சில சுற்றுகளிலேயே, முன்பக்கம் மின்முனைகள் அமைந்த எட்டு உணரிகளின் திறன் குன்றியது. பின்பக்கமாக ஒளி பெறும் இரண்டு உணரிகள் தப்பின. புரோட்டான்கள் புகுந்த இடங்களில் சிலிக்கான் அணுக்கள் இடம்பெயர்ந்து, மின்னூட்டம் நகரும் வழியில் பள்ளங்கள் விழுந்ததே காரணம். அன்றுமுதல், கதிர்வீச்சு வளையங்களைக் கடக்கும்போதெல்லாம் அக்கருவியைக் குவியத்திலிருந்து விலக்கி வைக்கின்றனர். கண்ணுக்கு இமை வேண்டும் என்பதை அடிபட்ட பிறகே கற்றுக்கொண்டனர்.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இதனை முன்கூட்டியே எதிர்பார்த்தார்கள். 2012 ஜூலை 4ஆம் நாள் ஹிக்ஸ் துகளின் கண்டுபிடிப்பை அறிவித்த இரு குழுக்களுள் ஒன்று, ஏறத்தாழ 76,000 காரீய டங்ஸ்டேட் படிகங்களைப் பயன்படுத்தியது. கதிர் படப்பட அப்படிகங்களின் தெளிவு குறையும். ஓய்வில் ஓரளவு மீளும். அதனால் ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் லேசர் ஒளியைச் செலுத்தி, அது இப்போது எவ்வளவு மங்கியிருக்கிறது என்று பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்கின்றனர்.

முள் விளிம்பில் நின்ற நாள்

1987ஆம் ஆண்டு, பிரேசில் நாட்டின் கோயானியா நகரம். கைவிடப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் பழைய கதிர்மருத்துவக் கருவி இருந்தது. அதனுள் சீசியம் 137 கொண்ட உப்பு. செப்டம்பர் 13ஆம் நாள் இருவர், பழைய இரும்பாக விற்கலாம் என்று கருதி, அதன் உட்பகுதியைக் கழற்றி எடுத்துச் சென்றனர். அது பழைய இரும்புக் கடைக்கு வந்தது. இரவில் அதிலிருந்து நீலநிற ஒளி வருவதைக் கடைக்காரர் கண்டார். அரிய பொருள் என்று எண்ணி வீட்டுக்குள் கொண்டுசென்றார். உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்துக் காட்டினார். அரிசியளவுத் துணுக்குகளைப் பலரும் எடுத்துச் சென்றனர். சிலர் மேனியில் பூசிக்கொண்டனர். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தத் தூள் படிந்த கையுடனே உணவு உண்டாள். ஆரஞ்சு நகரத்துப் பெண்களை மயக்கிய அதே வஞ்சக ஒளி.

வந்தவர்கள் ஒவ்வொருவராக நோயுறுவதைக் கடைக்காரரின் மனைவி கவனித்தார். இந்த ஒளிரும் பொருளே காரணம் என்று ஐயுற்றவர் அவர் ஒருவர்தாம். செப்டம்பர் 28ஆம் நாள், கடையில் பணிபுரிந்தவர் ஒருவரின் துணையோடு, அதனைப் பையிலிட்டுப் பேருந்தில் ஏறி நகரச் சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தார். மறுநாள், ஐயம் தோன்றிய மருத்துவர்கள் அவ்வூரில் இருந்த மருத்துவ இயற்பியலாளர் ஒருவரை அழைத்தனர். யுரேனியக் கனிமம் தேடும் நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து ஒளிர்படிகக் கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு அவர் புறப்பட்டார். சுகாதார அலுவலகத்தை அடையுமுன், வழியிலேயே கருவியை இயக்கினார். முள் எல்லையின் விளிம்புக்குத் தாவி அங்கேயே நின்றது. எத்திசையில் திருப்பினாலும் அசையவில்லை. பாறைகளுக்குள் இருக்கும் மிக மெல்லிய கதிரை அறிவதற்கென்று உருவான கருவி அது. அளவுக்கு மிஞ்சியதன் முன் அதற்கு ஒரே விடைதான் இருந்தது. கருவி பழுது என்று கருதிய அவர் திரும்பிச் சென்று வேறொன்றை வாங்கி வந்தார். அதன் முள்ளும் அவ்வாறே விளிம்பில் போய் நின்றது.

அப்போதுதான் அவர் உண்மையை உணர்ந்தார். அலுவலகத்துக்கு விரைந்தபோது, அழைக்கப்பட்டிருந்த தீயணைப்பு வீரர்கள் அப்பொருளை எடுத்துச் சென்று ஆற்றில் எறிய முனைந்திருந்தனர். அவர் அவர்களைத் தடுத்துவிட்டார்.

அடுத்து வந்த வாரங்களில், விளையாட்டரங்கில் கூடிய மக்கள் வரிசையில் நின்று அளவுகருவியின் முன்னால் ஒவ்வொருவராகக் கடந்து சென்றனர். ஏறத்தாழ 1,12,000 பேர் சோதிக்கப்பட்டனர். 249 பேரின் உடலிலோ உடையிலோ சீசியம் இருந்தது. அவர்களுள் பலர் நோயின் அறிகுறி ஏதுமின்றித் தம் கால்களால் நடந்து வந்தவர்கள். கருவி சொல்லியிராவிட்டால் வீடு திரும்பித் தம் பிள்ளைகளைத் தூக்கியிருப்பார்கள். நான்கு பேர் இறந்தனர். ஒருத்தி அந்த ஆறு வயதுச் சிறுமி. மற்றொருவர், கருவி எதுவும் கையில் இல்லாமலே அப்பொருளை ஐயுற்றுப் பையில் சுமந்து சென்ற அந்தப் பெண்.